சாம்பல் ஒன்று, களிமண் இரண்டு



ஒரு செம்மண் விவசாயி என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். "ஐயா, கரிசல்காட்டு மச்சான் போட்ட அதே உரத்தை நானும் ஒரே தவணையா போட்டேன். அடுத்த நாளே மழை. அவர் பருத்தி கருகருன்னு நிக்குது, என்னுது வெளுத்துப் போச்சே!"

களிமண்ணிலும் இனம் உண்டு என்பதுதான் இதற்குப் பெரிய காரணம். அந்த இனம் எப்படிப் பிரிகிறது என்பதை ஒரு நிலக்கரிச் சுரங்கம் தெளிவாகக் காட்டுகிறது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு நிலக்கரிப் படுகை. கரிக்கு நடுவே அரைச் சாண் கனத்தில் களிப்பாறை வரி ஒன்று ஓடுகிறது. பக்கத்து மாநிலங்களிலும் அதே வரி தெரிகிறது. கரி என்பது பழங்காலச் சதுப்புக் காட்டின் மட்கு அல்லவா? சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய சாம்பல் அந்தச் சதுப்பின்மேல் படிந்தது. அதன்மேல் மறுபடி செடிகள் வளர்ந்து மடிந்தன; சாம்பல் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. இத்தகைய வரிக்கு டான்ஸ்டைன் என்று பெயர். ஜெர்மன் மொழியில் 'களிக்கல்'.

அழுகும் தழையால் சதுப்புத் தண்ணீர் புளித்துக் கிடந்தது. அந்தப் புளிப்பு, சாம்பலிலிருந்த சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல்சத்து எல்லாவற்றையும் கரைத்துக் கொண்டுபோனது. மிஞ்சிய அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து கயோலினைட் என்னும் களிமண் ஆயின. இதன் ஏடுகள் இறுக ஒட்டியிருக்கும். தண்ணீர் உள்ளே புகாது, சத்தும் அதிகம் தங்காது.

வயோமிங் மாநிலத்தில் எரிமலைச் சாம்பல் கடலில் விழுந்தது. அங்கே மக்னீசியம் போய்விடவில்லை. ஆகவே அது மாண்ட்மோரில்லோனைட் ஆனது. பென்டோனைட் என்று விற்பது இதைத்தான். நனைந்தால் உப்பும். குட்டையில் கசிவை அடைக்கவும் போடுகிறார்கள். கயோலினைட் பிடித்துவைக்கும் சத்து, இது பிடிப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான்!

நம் ஊர் மண் எரிமலைச் சாம்பலில் வந்ததல்ல. பாறை மட்கி வந்தது. ஆனால் விதி அதேதான். தண்ணீர் சத்தைக் கழுவிக்கொண்டு போன இடத்தில் கயோலினைட். சத்து தேங்கிய இடத்தில் உப்பும் களி. செம்மண்ணில் முதல் வகை அதிகம். கோடையில் வெடித்துப் பிளக்கிற கரிசலில் இரண்டாவது வகை அதிகம்.

ஆகவே செம்மண்காரர்களே, யூரியாவையும் பொட்டாஷையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். அடியுரம், மேலுரம் என்று பிரித்துப் போடுங்கள். மழை கருக்கியிருக்கும்போது கை வைக்கவே வேண்டாம். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் இடுங்கள். களி பிடிக்காத சத்தை மட்கு பிடித்துக்கொள்ளும். மண்ணின் இனத்தை நம்மால் மாற்ற முடியாது. அதன் கொள்ளளவு அறிந்து ஊட்டினால் காசு மழையோடு போகாது.