தாயின் முத்திரை, தந்தையின் முத்திரை

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்போர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. பன்னீர்த் திராட்சைக்கு விதை ஊன்றுவதில்லை. முற்றிய கொடியிலிருந்து ஒரு குச்சியை வெட்டி நட்டால் போதும். அது வேர்விட்டுத் தாய்க்கொடியைப் போலவே காய்க்கும். பல்லி இனங்கள் சிலவற்றிலும் ஆணின் துணையின்றிக் குஞ்சுகள் பிறப்பதுண்டு. பாலூட்டி உயிர்களிடத்தில் மட்டும் இயற்கையில் இது நிகழ்வதில்லையே, ஏன்?

இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் பேராசிரியர் அசீம் சுரானி. இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் 1945ஆம் ஆண்டு கென்யாவின் கிசுமு நகரில் பிறந்த இவர், உயர்கல்விக்காக இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் எட்வர்ட்ஸிடம் ஆய்வு மாணவரானார். 1978இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்க வழிகண்டவர்களுள் அந்த எட்வர்ட்ஸும் ஒருவர்.

எலிக் கருவில் ஒரு சோதனை

கருவுற்ற முட்டைக்குள் முதலில் தாய் தந்த உட்கருவும் தந்தை தந்த உட்கருவும் தனித்தனியே இருக்கும். இரண்டுமே தாய் வழியாக வந்தவையாகச் சில எலி முட்டைகளையும், இரண்டுமே தந்தை வழியாக வந்தவையாகச் சிலவற்றையும் சுரானியின் குழுவினர் அமைத்துப் பார்த்தனர். தாய்வழி மட்டும் கொண்டவற்றில் கரு ஓரளவு வளர்ந்தது. அதற்கு ஊட்டமளிக்கும் நஞ்சுக்கொடியோ நலிந்து போயிற்று. தந்தைவழி மட்டும் கொண்டவற்றில் நஞ்சுக்கொடி செழித்தது, கருவோ வளரவில்லை. இரண்டும் பிழைக்கவில்லை.

1984இல் வெளியான இம்முடிவு அறிவியல் உலகை வியப்பில் ஆழ்த்தியது. அமெரிக்காவில் டாவோர் சோல்டரும் ஜேம்ஸ் மெக்ராத்தும் அதே ஆண்டில் தனியே இதே முடிவுக்கு வந்தனர். மரபணுக்கள் ஒன்றுபோல் இருந்தாலும், சிலவற்றின்மீது அவை வந்த வழியைக் காட்டும் வேதியியல் முத்திரை ஒன்று பதிந்துள்ளது. அம்முத்திரைக்கேற்ப ஒருவரின் பிரதி வேலை செய்யும். மற்றவரின் பிரதி வாய்மூடி இருக்கும். 2004இல் ஜப்பானில் இரு தாய்களின் முட்டைகளிலிருந்து ஓர் எலி பிறந்தபோதும், மரபணுவை மாற்றியமைத்த பின்னரே அது இயன்றது.

முத்திரை நிலையானதன்று. ஆண் ஒருவர் தம் தாயிடமிருந்து பெற்ற மரபணுவைத் தம் பிள்ளைக்கு வழங்குகையில், பழைய முத்திரை அழிந்து தந்தையின் முத்திரை பதியும். இந்த அழித்தெழுதலை ஆராய்வதிலேயே சுரானி பின்னாளில் ஈடுபட்டார். 2018இல் சோல்டருடன் கனடாவின் கெய்ர்ட்னர் விருதும், 2025இல் ஜப்பானின் கியோட்டோ பரிசும் அவரை வந்தடைந்தன.

பழி யாருக்கு?

இது ஆய்வுக்கூடத்தோடு முடிந்த கதையன்று. பதினைந்தாம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி உண்டு. தந்தை வழியில் அது விடுபட்டால், அடங்காப் பசியால் பிள்ளை வருந்தும் 'பிராடர்-வில்லி' நோய் தோன்றும். தாய் வழியில் விடுபட்டால், பேச்சு வராமல் நடை தடுமாறும் 'ஏஞ்சல்மேன்' நோய் தோன்றும். பெரும்பாலும் இவ்விடுபாடு தற்செயலாக நேர்வது. பெற்றோர் செய்த எதனாலும் வருவதன்று.

எனினும் குறையுடன் ஒரு பிள்ளை பிறந்தால், மருமகளையே சுட்டும் விரல்கள் நம் வீடுகளில் இன்னும் மடங்கவில்லை. வார்த்தைகளால் அவளைச் சுடுவதைவிட, பிள்ளையை மரபணு மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை. திராட்சைக்கு ஒரு குச்சி போதும். மனிதப் பிள்ளைக்கோ இருவரின் முத்திரையும் வேண்டும். அதன் சுமையைத் தாங்க இருவரின் தோளும் வேண்டும்.