பிறந்த தேதி பிரித்த இரண்டு குழுக்கள்

மாணவர்களே, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில் அம்மாவோ அப்பாவோ சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வேலை பார்த்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மேலாளரின் பார்வையில் இல்லாதவர் ஒழுங்காக வேலை செய்வாரா? இதைக் கண்டறிய அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 2010 டிசம்பரில், சீனாவில் ஒரு பரிசோதனை தொடங்கியது.

ஷாங்காயில் உள்ள சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தில், தொலைபேசிவழி விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் பதிவு செய்யும் ஊழியர்களிடம் வீட்டிலிருந்து வேலை செய்ய விருப்பமா என்று கேட்டார்கள். விரும்பியவர்களில் 249 பேர் தகுதி பெற்றனர். அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பி, அலுவலகத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் போதாதா? போதாது. தாமாக முன்வந்தவர்கள் இயல்பிலேயே மாறுபட்டவர்களாக இருக்கலாம். அப்போது வித்தியாசம் இடத்தால் வந்ததா, ஆளால் வந்ததா என்று சொல்ல முடியாது.

எனவே, இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டில். ஒற்றைப்படைக்காரர்கள் ஐந்து நாளும் அலுவலகத்தில். வேலை நேரமும் குழுத் தலைவரும் இரு சாராருக்கும் ஒன்றே. வேலை செய்யும் இடம் மட்டுமே இங்கே தற்சார்பு மாறி. பிறந்த தேதிக்கும் சுறுசுறுப்புக்கும் தொடர்பில்லை அல்லவா? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒன்பது மாதங்களில் வீட்டுக் குழுவின் வேலை 13 விழுக்காடு கூடியது. அதில் 9, இடைவேளையும் மருத்துவ விடுப்பும் குறைந்து கூடுதல் நிமிடங்கள் உழைத்ததால் வந்தது. மீதி 4, அமைதியான சூழலில் நிமிடத்துக்குக் கூடுதல் அழைப்புகளை எடுத்ததால். வேலையை விட்டு விலகுவதும் பாதியாகக் குறைந்தது.

ஆனால், அதே அளவு வேலை செய்தும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு வாய்ப்பு குறைந்திருந்தது. தலைவர் தினமும் பார்க்கும் முகமே அவருக்கு முதலில் நினைவுக்கு வருகிறது என்பது ஒரு விளக்கம். தனிமையும் பலரை வாட்டியது. பரிசோதனை முடிந்து, இனி அவரவர் விருப்பம் என்றதும், பாதிக்கும் மேற்பட்டோர் இடம் மாறிக்கொண்டனர். அதன் பிறகு பலன் 22 விழுக்காட்டுக்கு ஏறியது. யாருக்கு எந்த இடம் பொருந்தும் என்பதை மேலாளரைவிட ஊழியரே நன்கு அறிந்திருந்தார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதே நிறுவனம் 2021இல் 1,612 பேரை வைத்து இன்னொரு பரிசோதனை நடத்தியது. இம்முறை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு. விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். பதவி உயர்விலும் வேறுபாடு தென்படவில்லை. வேலைத்திறன் 2.6 விழுக்காடு குறையும் என்று முன்கூட்டியே கணித்த மேலாளர்கள், முடிவில் 1 விழுக்காடு கூடியிருக்கும் என்று தங்கள் கணிப்பை மாற்றிக்கொண்டனர்.