ஒளித்துகளை எண்ணும் கண்

மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களின் எல்லைப்புறத்தில் எலகெர மாணிக்க நிலம் பரந்து கிடக்கின்றது. அங்கே சரளைப் படையிலிருந்து கழுவி எடுக்கப்படும் நீலக்கல் குருந்தம் என்னும் கனிப்பொருளைச் சேர்ந்தது. ஒருவர் கையிலுள்ள கல் குருந்தந்தானா, அன்றி நீலநிறக் கண்ணாடியா? கல்லுக்குச் சேதமின்றி விடை கூறும் வழியொன்று, 1928ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்த ஒளிச்சிதறலிலிருந்து பிறந்ததாகும்.

கல்லின்மீது லேசர் ஒளியைச் செலுத்தினால், சிதறும் ஒளியிற் பெரும்பகுதி நிறம் மாறாமலே வரும். மிகச் சொற்பமான பகுதி மட்டும் கல்லின் உள்ளமைப்புக்கேற்ப நிறம் மாறி வரும். அதுவே கல்லின் கைரேகை. அதனை அறிவதற்கு ஒளிப்பெருக்கிக் குழாய் போன்ற நுண்ணிய கருவி வேண்டும். அக்குழாயினுள் ஓர் ஒளித்துகள் எழுப்பும் ஒரே இலத்திரன், படிப்படியாகப் பெருகிப் பத்து இலட்சமாகிவிடும்.

நேயர்களே, இக்கூர்மையே அதன் ஆபத்துமாகும். ஒரு மில்லிவாற்றுப் பச்சை லேசர் நொடிக்கு ஏறத்தாழ 27 கோடி கோடி ஒளித்துகள்களை வீசுகின்றது. ஒவ்வொன்றாக எண்ணும் குழாயோ பொதுவாக நொடிக்குச் சில கோடிக்கு மேல் தாங்காது. லேசர் நேரே விழுந்தால் மின்னோட்டம் மிகுந்து குழாய் பழுதடையும். மின்னழுத்தம் இருக்கையில் அறை விளக்கின் ஒளி பட்டாலும் அதே கதிதான்.

ஆகவே, லேசரின் நிறத்தை மட்டும் தடுக்கும் வடிகண்ணாடி குழாயின் முன்னே வைக்கப்படுகின்றது. லேசரையே அளக்க வேண்டுமாயின், பத்தில் ஒரு பங்கை மாத்திரம் விடும் மங்கற் கண்ணாடிகளை அடுக்க வேண்டும். ஒன்பது அடுக்கினால் நூறு கோடியில் ஒரு பங்கே கடக்கும். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 27 இலட்சம். இது குழாய் தாங்கும் அளவு. முதலிற் கணக்கு, அடுத்து வடிகண்ணாடி, பின்னர் இருட்டு, இறுதியிலேதான் மின்னழுத்தம், இவ்வொழுங்கு பிறழலாகாது. அளவு கூடினால் மின்னழுத்தத்தை உடனே நிறுத்த வேண்டும்.

பழுதான குழாய்க்குப் பதில் வேறொன்று வாங்கலாம். மனிதக் கண்ணுக்கு அவ்வாறு மாற்று இல்லை. எனவே, எத்தனை கண்ணாடி அடுக்கியிருந்தாலும், லேசரின் நேர்வழியிற் கண்ணை வைத்துப் பார்த்தல் ஒருபோதும் தகாது.