பழைய வெள்ளத்தின் சாவுக் கணக்கைத் திருத்துவது எப்படி?

கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி எழுந்ததும் பெண் வீட்டுச் சித்தப்பா சொல்வார்: "கூட்டம் மூவாயிரத்துக்குக் குறையாது." தலைமைச் சமையற்காரர் மறுத்துப் பேசமாட்டார். அவருடைய கணக்கு வேறு இடங்களில் இருக்கிறது. கூடத்தில் ஒரு பந்திக்கு எத்தனை இலை விழும், எத்தனை பந்தி நடந்தது, எத்தனை மூட்டை அரிசி பிரித்தது, சாம்பார் அண்டாவின் உள்சுவரில் கறை எந்த உயரத்தில் காய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நான்கும் ஓரளவு ஒத்துவந்தால்தான் அவருக்கு அது கணக்கு. என்றோ அடித்த ஒரு புயலில் எத்தனை பேர் செத்தார்கள், எங்கே எவ்வளவு சேதம் என்ற பதிவைத் திருத்துகிறவர்களும் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள்.

ஹைதராபாத்தை எடுத்துக்கொள்வோம். கடலுக்கு வெகு தொலைவில் இருக்கும் ஊர். ஆனாலும் அதன் வரலாற்றிலேயே கொடிய வெள்ளத்தைக் கொண்டுவந்தது வங்கக்கடலில் உருவாகி உள்நாட்டுக்குள் நகர்ந்த ஒரு புயற்சின்னம். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு நகருக்குள் புகுந்தது. அப்போது ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் ஆட்சி. அப்ஸல் கஞ்ச் பக்கம், இன்றைய உஸ்மானியா பொது மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரத்தில் ஏறிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் பிழைத்தார்கள். அந்த மரத்தடியில் இன்றும் ஆண்டுதோறும் கூடி நினைவஞ்சலி செலுத்துகிறார்கள். இறந்தவர்கள் 15,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். 50,000 என்று சொல்பவர்களும் உண்டு. வீடுகளின் கணக்கிலும் இரண்டு வழக்குகள்: 80,000 வீடுகள் இடிந்தன என்பது ஒன்று, 19,000 வீடுகள் இடிந்து 80,000 பேர் வீடிழந்தார்கள் என்பது மற்றது.

இங்கே பந்திக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கூடம் கொள்ளும் ஆட்களுக்கு மேல் யாரும் சாப்பிட்டிருக்க முடியாது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹைதராபாத்தின் மக்கள் 4,48,466 பேர். வீட்டுக்கு நாலைந்து பேர் என்று வைத்தால் நகரில் மொத்தமே சுமார் ஒரு லட்சம் வீடுகள்தான். அதில் 80,000 இடிந்திருந்தால் நகரமே தரைமட்டமாகியிருக்க வேண்டும். ஆனால் சார்மினாரைச் சுற்றியும், ஆற்றுக்கு அப்பால் மேட்டுப் பகுதிகளிலும் நகரம் நின்றுகொண்டுதான் இருந்தது. 19,000 வீடுகளை நாலால் பெருக்கினால் 76,000 வருகிறது. வீடிழந்தோர் 80,000 என்பதோடு அது பொருந்துகிறது. ஆகவே ஆட்களின் எண் எங்கோ வீடுகளின் எண்ணாக ஏடுமாறிப்போய், அப்படியே நகலெடுக்கப்பட்டு வருகிறது என்பதுதான் என் முடிவு. சாவுக் கணக்கிலும் இதே உரைகல்: 50,000 என்றால் ஒன்பது பேருக்கு ஒருவர். ஆற்றங்கரைப் பேட்டைகள் மட்டுமே மூழ்கிய ஊரில் அவ்வளவு பெரிய எண்ணுக்குச் சான்று கேட்கத்தான் வேண்டும். 15,000 என்பதும் உருட்டி எழுதிய எண்தான், ஆனால் அது கூடத்துக்குள் அடங்குகிறது.

அடுத்தது அண்டாக் கறை. வெள்ளம் வடிந்ததும் சுவர்களில் சேற்றுக்கோடு நிற்கும். அப்ஸல் கஞ்ச் பகுதியில் நீர் 11 அடி உயரத்துக்கு நின்றதாகப் பதிவு. இப்படிப்பட்ட கோடுகளை ஆற்றின் நீளத்துக்கும் அளந்தால் இரண்டு விஷயங்கள் கிடைக்கும்: குறிப்பிட்ட இடத்தில் ஆறு எவ்வளவு அகலமாக, ஆழமாக ஓடியது என்பது ஒன்று, நீர்மட்டம் மேலிருந்து கீழே எவ்வளவு சரிந்தது என்பது இன்னொன்று. சரிவையும் ஆழத்தையும் கொண்டு வேகத்தைக் கணிக்கலாம். குறுக்குவெட்டுப் பரப்பை வேகத்தால் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை கன அடி என்று வந்துவிடும். வெள்ளத்தை நேரில் பார்த்த ஒருவரும் உயிரோடு இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கைப் போடலாம். 1909இல் நிஜாம் அரசு வரவழைத்த பொறியாளர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா, 1908 வெள்ளத்தின் உச்சத்தை விநாடிக்கு 4,25,000 கன அடி என்று மதிப்பிட்டார்.

இப்போது அரிசி மூட்டைக்கு வருவோம், அதாவது உள்ளே போனது எவ்வளவு என்ற கேள்விக்கு. இன்று விமான நிலையம் இருக்கும் ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலமும், 48 மணி நேரத்தில் 18.9 அங்குலமும் மழை கொட்டியது. அதாவது ஒரே நாளில் சுமார் 32 சென்டிமீட்டர். பேய்மழைதான். ஆனால் மழை பெய்த வேகத்தைவிட வேகமாக ஆறு உயர்ந்திருந்தால், வேறொரு அண்டாவையும் யாரோ இதில் கவிழ்த்திருக்க வேண்டும் என்று சமையற்காரர் தேடுவார். விஸ்வேஸ்வரய்யாவின் அறிக்கை அந்த அண்டாவைக் காட்டியது. மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த ஏரிகள் 788; சதுர மைலுக்கு ஏறக்குறைய ஓர் ஏரி. அவற்றில் 221 உடைந்தன. மேலே ஓர் ஏரி உடைந்தால் அதன் நீர் கீழ் ஏரியின் கரையை அறுக்கும், அது அடுத்ததை அறுக்கும். மழைநீரோடு பல ஏரிகளின் மொத்தக் கொள்ளளவும் ஒரே நேரத்தில் நகரத்தின் மேல் வந்து விழுந்தது.

சாவுக் கணக்கைவிட இந்தத் திருத்தம்தான் பெரியது என்று நினைக்கிறேன். மழை மட்டுமே காரணம் என்று பதிவாகியிருந்தால் கரைச்சுவரை உயர்த்திவிட்டு ஓய்ந்திருப்பார்கள். மேலிருந்து ஒரேயடியாக வந்த நீர் என்று தெரிந்ததால், நகருக்கு மேலேயே அதைத் தடுத்து நிறுத்தி மெல்லத் திறந்துவிடும் நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்று விஸ்வேஸ்வரய்யா சொன்னார். மூசியில் உஸ்மான் சாகர் 1920இலும், அதன் துணையாறான ஈசியில் ஹிமாயத் சாகர் 1927இலும் எழுந்தன.

வதந்தி எண் உலகப் புத்தகங்களில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தா சாட்சி. 1737 அக்டோபரில் அங்கே அடித்த புயலில் 3,00,000 பேர் மாண்டார்கள், 20,000 கப்பல்களும் படகுகளும் அழிந்தன, ஆறு 40 அடி உயர்ந்தது, கூடவே நிலநடுக்கமும் வந்தது என்று லண்டன் பத்திரிகை ஒன்று எழுதியது. இரண்டரை நூற்றாண்டுக் காலம் உலகின் கொடிய நிலநடுக்கங்கள் பட்டியலில் அது இருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் நில அதிர்வியலாளர் ரோஜர் பில்ஹாம் 1994இல் இதை எடுத்துச் சரிபார்த்தார். அன்றைய கல்கத்தாவின் மக்கள் இருபதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும், கூடம் அவ்வளவுதான். கிழக்கிந்தியக் கம்பெனியில் சுங்கம் வசூலித்தவரின் அறிக்கை, கூரை வீடுகள் ஏறக்குறைய எல்லாமே போயின, ஊரில் 3,000 பேர் இறந்தார்கள் என்கிறது. நிலநடுக்கத்துக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் 3,000 என்பது ஊருக்குள் மட்டும் எடுத்த எண். கங்கைக் கழிமுகத்துக் கிராமங்களில் இறந்தவர்களைக் கம்பெனியின் ஏட்டில் யாரும் எழுதவில்லை. திருத்துகிறவர் இந்த எல்லையைச் சொல்லாமல் விட்டால் அவரும் ஒரு பொய்க்கணக்கை எழுதியவராகிறார்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆந்திரக் கடற்கரையில் காக்கிநாடாவுக்கு அருகே உள்ள கோரிங்கா துறைமுகத்தை 1839 நவம்பரில் புயல் அழித்தது. அதற்கும் பட்டியல்களில் 3,00,000 பேர், 20,000 கலங்கள் என்றே போட்டிருக்கிறது. கல்கத்தாவின் எண்களே அச்சுப் பிசகாமல் இங்கும். நூறாண்டு இடைவெளியில் இரண்டு கல்யாணங்களுக்கு ஒரே சாமான் லிஸ்ட் வந்தால் எந்தச் சமையற்காரரும் முதலில் நகல் என்றுதான் நினைப்பார். கோரிங்காவின் சாவுகள் உண்மை. அந்த எண்ணை மட்டும் நான் நம்பமாட்டேன்.

திருத்தம் என்றாலே குறைப்பது என்று எண்ணிவிடக் கூடாது. பந்தியில் உட்காராமல் பார்சல் வாங்கிப் போனவர்களை இலைக் கணக்கு காட்டாது. அரிசி மூட்டைதான் காட்டும். 2017 செப்டம்பரில் போர்ட்டோ ரிக்கோவை மரியா சூறாவளி தாக்கியபோது அரசு சொன்ன சாவு 64. காற்றிலும் வெள்ளத்திலும் நேரடியாகச் செத்தவர்கள் மட்டுமே பெரும்பாலும் அதில் சேர்ந்தார்கள். மின்சாரம் இல்லாமல், மருந்து கிடைக்காமல், மருத்துவமனைக்குப் போக வழியில்லாமல் பிறகு செத்தவர்கள் விடுபட்டார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புயல் வராதிருந்தால் அந்த மாதங்களில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கணித்து, உண்மையில் பதிவான இறப்புகளிலிருந்து அதைக் கழித்தார்கள். 2,975 என்று வந்தது. 2018 ஆகஸ்டில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவிசீமாப் பகுதியைப் புயலோடு எழுந்த கடல் விழுங்கியபோது அரசுக் கணக்கு ஏறத்தாழ 10,000. அதைவிட மிக அதிகம் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. குடும்பம் முழுவதும் போன வீட்டில் பெயர் கொடுக்க ஆளில்லை. அங்கே எண்ணை உயர்த்தக் கேட்பதும் நேர்மையான கேள்விதான்.

இந்த வேலை இன்றைய ஹைதராபாத்துக்கும் வேண்டும். 2020 அக்டோபர் 13 அன்று காக்கிநாடா அருகே கரையேறிய ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அதேபோல் வங்கக்கடலிலிருந்து உள்ளே வந்தது. நகரின் கிழக்கு ஓரத்தில் கட்கேசர் பக்கம் சுமார் 32 சென்டிமீட்டர் மழை. ஷம்ஷாபாத்தின் 1908 கணக்குக்கு ஏறக்குறைய சமம். அந்த நாட்களில் தெற்கே பல்லெ செரு, குர்ரம் செரு என்ற ஏரிகள் உடைந்து குடியிருப்புகளுக்குள் பாய்ந்தன. அந்த வெள்ளத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மழைமானி அளவோடு நின்றுவிடுகிறது. எந்த ஏரி எத்தனை மணிக்கு உடைந்தது, நீர் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது, உடையும் முன் மதகு திறந்திருந்ததா என்பவையும் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்த நேரங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் அந்தத் தெருக்களிலேயே குடியிருக்கிறார்கள். சேற்றுக்கோட்டின் மேல் வெள்ளையடிப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.