"எங்கே பட்டுது, கண்ணு?"

"கோல்ஃப்பா? அது பெரிய மனிதர்கள் விளையாட்டு ஆயிற்றே! நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் நானும் நினைத்துக் கொண்டிருந்தேன், 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி காலை வரை.

அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃபின் கடைசிச் சுற்று. பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் பதக்கத்துக்காக ஆடிக் கொண்டிருந்தார். அவருடைய மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தது யார் தெரியுமா? அவரைப் பெற்ற தாயார்! காப்பி ஆறிப் போனதுகூடத் தெரியாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கம் நழுவி, அதிதிக்கு நான்காம் இடம் கிடைத்தது. எனக்கு மனசு ரொம்பவே கஷ்டமாக இருந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் எட்டு வயது மகளின் கவலையே வேறு.

"அம்மா, நானும் இது ஆடட்டுமா? நீ பை தூக்கிட்டு வருவியா?"

இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் கோல்ஃப் நுழைந்தது. சனி, ஞாயிறு காலைகளில் பயிற்சி மைதானம். அவள் அடிப்பாள், நான் பெஞ்சில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "சூப்பர்! நல்லா அடிச்சே!" என்று சொல்லிக் கொண்டிருப்பேன். பந்து எங்கே போனாலும் அதே "சூப்பர்"தான்.

குளத்தில் விழுந்த பந்து

நான்கு வருஷம் ஓடியது. சிறுவர்களுக்கான ஒரு போட்டி. ஓரிடத்தில் சின்னக் குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும். தூரம் அதிகமில்லை. அவள் தினமும் ஏழாம் நம்பர் மட்டையால் அடிக்கிற தூரம்தான். அடித்தாள். பந்து 'ப்ளக்' என்று தண்ணீருக்குள்! இன்னொரு பந்து, அதுவும் தண்ணீருக்குள்.

காரில் ஏறியதும் ஒரே அழுகை. "நான் நல்லாத்தாம்மா அடிச்சேன்! எப்பவும் போலத்தான் அடிச்சேன்!"

அடுத்த வாரம் அவளுடைய மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிறு வயதில் மற்றவர்களுக்கு மட்டை சுமந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றுக்கொண்டவர் அவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு பழைய மட்டையைக் கொண்டு வந்தார். அதுவும் ஏழாம் நம்பர்தான். ஆனால் தலைப்பாகம் சின்னதாக, மெல்லியதாக, வெண்ணெய்க் கத்தி மாதிரி இருந்தது. இதைத்தான் 'பிளேடு' என்கிறார்கள். பெயருக்கேற்ற பொருள்தான்!

முதல் பந்து தவளை மாதிரி நாலு தத்து தத்தி நின்றது. இரண்டாவது வலப்பக்கம் ஓடியது. மூன்றாவது அடியில், "ஆ! கை விறுவிறுங்குது மாஸ்டர்!" என்று மட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் சார் குழந்தையை இப்படிப் படுத்தறீங்க? நல்ல மட்டை இருக்கும்போது இது எதுக்கு?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. அன்னிக்கு நல்லா அடிச்சேன்னு பாப்பா சொன்னது பொய் இல்லே. அதுக்கு நிஜமாவே தெரியலே. அந்த மட்டை ஓரத்துல பட்டாலும் ஓரளவுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்துடுது. கைக்கும் ஒண்ணும் சொல்றதில்லே. சொன்னாத்தானே பாப்பா திருத்திக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த மட்டை மட்டுமா ஒன்றும் சொல்லவில்லை? பெஞ்சில் உட்கார்ந்து நானும்தானே "சூப்பர்" என்று சொல்லிக் கொண்டிருந்தேன்!

மன்னிக்கும் மட்டை, மன்னிக்காத மட்டை

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நம் சமையலறையிலேயே பதில் இருக்கிறது. நான்-ஸ்டிக் கல்லில் சூடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தோசை எழும்பி வந்துவிடும். இரும்புக் கல்லிடம் அந்தச் சலுகை கிடையாது. சூடு தப்பினால் 'பச்'சென்று ஒட்டிக்கொண்டு, "நீ இன்னும் பழகணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். இரும்புக் கல்லில் பழகிய கை எந்தக் கல்லிலும் தோசை வார்க்கும், இல்லையா?

கோல்ஃபிலும் அப்படித்தான். பிளேடு மட்டையில் எடை முழுவதும் தலையின் நடுப்பகுதிக்குப் பின்னாலேயே திரண்டிருக்கும். பந்து நட்டநடுவில் பட்டால், பட்டதே தெரியாது. வெண்ணெயை வெட்டிய மாதிரி இருக்கும். கொஞ்சம் தள்ளி, முனையிலோ தடியை ஒட்டிய பக்கத்திலோ பட்டால், மட்டையின் தலை கையிலேயே திருகிக்கொள்ளும். பந்தின் தூரம் குறையும், திசை மாறும், கை விறுவிறுக்கும். பந்தும் மட்டையும் ஒட்டியிருப்பது ஏறக்குறைய ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் கண்ணால் என்ன பார்க்க முடியும்? கை சொன்னால்தான் உண்டு.

மற்ற மட்டையின் முதுகு குழிந்திருக்கும். அங்கிருந்து எடுத்த எடையை ஓரங்களில் சேர்த்திருப்பார்கள். அதனால் ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திருகாது.

இந்த முறை பரவக் காரணமாக இருந்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எஞ்சினீயர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கோல்ஃபையே தொட்டார்! பந்தைக் குழிக்குள் தள்ளும் மட்டை சொன்னபடி கேட்கவில்லை என்று, 1959-இல் தானே ஒன்று செய்தார். பந்தில் பட்டதும் அது 'பிங்' என்று ஒலித்ததால் அதுவே பெயராகிவிட்டது. 1966-இல் செய்த இன்னொரு மட்டைக்குப் பெயர் வைத்தவர் அவர் மனைவி லூயீஸ். ஆங்கிலத்தில் 'பதில்' என்று பொருள்படும் 'ஆன்சர்' என்ற பெயரைச் சொன்னார். மட்டையில் எழுத்துகள் அடங்கவில்லை என்றதும், "நடுவிலே ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் போச்சு" என்று அதற்கும் வழி சொல்லிவிட்டார். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு லூயீஸ் இருக்கத்தானே இருக்கிறாள்!

அதற்கு முன்னால் ஆடியவர்களுக்கெல்லாம் பிளேடுதான். அமெரிக்காவின் பேப் ஜஹாரியாஸ் 1932 ஒலிம்பிக்கில் ஓட்டத்திலும் எறிதலிலுமாக இரண்டு தங்கம் வென்றுவிட்டுக் கோல்ஃபுக்கு வந்தவர். 1953-இல் குடலில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. அடுத்த வருஷமே அமெரிக்க மகளிர் ஓப்பன் போட்டியில் 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். மிக்கி ரைட் என்ற பெண்மணி 82 தொழில்முறைப் போட்டிகளில் வென்றவர். மன்னிக்காத மட்டையில் பழகிய கைகள் இவை.

அதற்காக மன்னிக்கும் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா? கூடவே கூடாது! மாஸ்டர் இதை அழுத்தமாகவே சொன்னார்: "பழகறதுக்கு பிளேடு, போட்டிக்குப் பாப்பாவோட சொந்த மட்டை." பிளேடு யாரையும் திருத்துவதில்லை. தவறு எங்கே என்று சொல்கிறது, அவ்வளவுதான். திருத்திக்கொள்வது நாம்தான்.

நாங்கள் பழகிய விதம்

வீட்டில் கோல்ஃப் பழகும் குழந்தையோ, கணவரோ, ஏன், நீங்களோ இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம்.

ஒரே ஒரு பிளேடு மட்டை போதும். முழு செட் வேண்டாம். ஏழாம் நம்பரே நல்லது. ஆனால் தாத்தா காலத்து மட்டையை அப்படியே குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள். தடி நீளமாகவும் கனமாகவும் இருந்தால் தோளும் மணிக்கட்டும் கெட்டுவிடும். எங்கள் மாஸ்டர் தலையை மட்டும் வைத்துக்கொண்டு, அவள் உயரத்துக்கு ஏற்ற லேசான தடியைப் பொருத்தித் தந்தார்.

முதலில் பத்து நிமிஷம் கை, தோள், இடுப்புக்குப் பயிற்சி. பிறகு பிளேடால் இருபது பந்துகள் மட்டும். முதல் பத்து, இடுப்பு உயரத்துக்கு மட்டும் மட்டையைத் தூக்கி அடிக்கும் அரை வீச்சு. அடுத்த பத்து முழு வீச்சு, அதுவும் நிதானமாக.

பள்ளிக்கூட வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் பேனாவால் பந்தின் பின்பக்கம் ஒரு பொட்டு வையுங்கள். அந்தப் பொட்டு மட்டையின் முகத்துக்கு நேராக இருக்க வேண்டும். அடித்ததும் மட்டையில் அந்த மை ஒட்டியிருக்கும். ஆனால் உடனே பார்க்கக் கூடாது! "எங்கே பட்டுது?" என்ற கேள்விக்கு முதலில் வாயால் பதில் சொல்ல வேண்டும்: நடுவா, முனையா, தடிப் பக்கமா, கீழ் விளிம்பா? சொன்ன பிறகு மட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, துணியால் துடைத்து, அடுத்த பந்து. பந்து எங்கே போய் விழுந்தது என்பது பற்றிப் பேச்சே கூடாது.

புல்தரையில் பழகினால் இன்னொரு சோதனை. சுண்ணாம்பால் தரையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, பந்து இல்லாமல் வீசிப் பாருங்கள். மட்டை புல்லைக் கீறும் இடம் கோட்டுக்கு முன்னால், அதாவது இலக்கின் பக்கம், ஆரம்பிக்க வேண்டும். பந்து முதலில், மண் பிறகு என்பது பாலபாடம். கோட்டுக்குப் பின்னால் கீறினால், மண்ணை அள்ளிவிட்டுத்தான் பந்தைத் தொடுகிறீர்கள் என்று அர்த்தம்.

கடைசி இருபது பந்துகளைச் சொந்த மட்டையால் அடித்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். மனசில் தைரியம் தங்குவதற்கு இது ரொம்ப முக்கியம். போட்டிக்கு முந்தின வாரம் பிளேடுக்கு ஓய்வு.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதி வைத்தேன். முதல் நாள் இருபதில் மூன்று நடுவில் பட்டன. எங்கே பட்டது என்று சரியாகச் சொன்னது ஐந்துதான். ஆறு வாரம் கழித்து நடுவில் பட்டவை ஒன்பது. சரியாகச் சொன்னவை பதினேழு! இரண்டாவது கணக்கைப் பார்த்துத்தான் மாஸ்டர் சிரித்தார். "இனிமே பாப்பாவுக்கு நான் அதிகம் வேண்டாம்மா."

உடம்பு ஜாக்கிரதை

கை விறுவிறுப்பது ஒரு செய்தி, வலி வேறு. மட்டையை இறுக்கிப் பிடித்தால் அதிர்ச்சி நேரே முழங்கைக்கு ஏறும். குருவிக் குஞ்சைப் பிடிக்கிற மாதிரி, நழுவாமலும் நசுங்காமலும் பிடித்தால் போதும். முழங்கையின் உட்புறம் வலித்தால் அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். 'கோல்ஃபர்ஸ் எல்போ' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். ஓய்வு கொடுத்தும் வலி போகவில்லையென்றால் டாக்டரைப் பார்ப்பதே நல்லது.

பிரசவமாகிச் சில மாதங்களே ஆன தாய்மார்கள், அதிலும் சிசேரியன் ஆனவர்கள், இடுப்பை முறுக்கி ஆடும் இந்த விளையாட்டை டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். வெயிலுக்குத் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில் இரண்டும் அவசியம்.

நானும் ஓர் அடி

அடுத்த போட்டியில் என் மகள் ஜெயித்தாளா என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லை. பதினோராவதாக வந்தாள். ஆனால் குளத்தைத் தாண்டினாள். சொந்த மட்டையால்தான். இன்னோர் இடத்தில் பந்து குறைந்து விழுந்தபோது அழவில்லை. "முனையில பட்டுடுச்சும்மா" என்றாள், சாதாரணமாக.

வீட்டிலும் ஒரு மாற்றம். கணக்கில் மார்க் குறைந்து வந்தால் முன்பெல்லாம் இரண்டே பேச்சுதான். "பரவாயில்லை, விடு" அல்லது "ஏன்டி இப்படிப் பண்றே?" இப்போது பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "எங்கே பட்டுது, கண்ணு?" என்று கேட்கிறேன். அவளே விரலை வைத்துக் காட்டுகிறாள். பிளேடு திட்டுவதில்லை, புகழ்வதுமில்லை. இடத்தை மட்டும் காட்டுகிறது. அதை அதனிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் ஒரு நாள் கீரைக் கட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, "நீ ஒண்ணு அடியேன்!" என்று பிளேடைக் கையில் திணித்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வீசினேன். பந்து பத்தடி தள்ளிப் போய் நின்றது. முழங்கை வரைக்கும் ஒரே விறுவிறுப்பு!

மட்டையைத் திருப்பிப் பார்க்கப் போனேன். அவள் விடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"பார்க்காமச் சொல்லு. எங்கே பட்டுதும்மா?"