ஆய்வில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைப்பது வேறு. அந்த ஆய்வைச் செய்து முடிக்க உதவித்தொகை கிடைப்பது வேறு. அறிவியல், பொறியியல் ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் முதல் தலைமுறை மாணவர்கள் பலர் இந்த வேறுபாட்டை அறியாமலேயே சேர்ந்துவிடுகிறார்கள்.

'நெட்' தேர்வையே எடுத்துக்கொள்வோம். 2024-25 கல்வியாண்டு முதல் இத்தேர்வில் தகுதி பெறுவோர் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றனர். முதல் வகையினருக்கு மட்டுமே இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு. இரண்டாம் வகையினர் உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வுச் சேர்க்கைக்கும் தகுதி பெறுகின்றனர். மூன்றாம் வகையினருக்குச் சேர்க்கைத் தகுதி மட்டுமே. மூவருமே நெட் தேறியவர்கள்தாம். ஆனால், ஒருவருக்கு மட்டுமே அதன் வழியாகப் பணம் வரும்.

உதவித்தொகை வரும் வழிகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, மாணவரின் பெயரிலேயே வழங்கப்படுவது. அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் இவ்வகை. 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000, பின்னர் ரூ.42,000, வீட்டு வாடகைப்படி தனி. இரண்டாவது, கல்வி நிறுவனம் வழங்குவது. ஐஐடி, என்ஐடி-க்களில் முழுநேர ஆய்வில் சேரும் பொறியியல் மாணவர்களுக்கு 'கேட்' மதிப்பெண் இதற்கு வழிதிறக்கும். அம்மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். பகுதிநேர ஆய்வாளர்களுக்கு இந்தத் தொகை கிடையாது. 2018-இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகை, மாதம் ரூ.70,000-இல் தொடங்குகிறது, அதற்கான போட்டி மிகக் கடுமையானது.

மூன்றாவது, நெறியாளர் பெற்றுள்ள ஆய்வுத் திட்டத்தின் நிதியிலிருந்து தரப்படுவது. அதிகக் கவனம் தேவைப்படுவது இங்குதான். இத்தகைய திட்டங்களின் காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். யுஜிசி விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்த அளவு 3 ஆண்டுகள், அதிக அளவு 6 ஆண்டுகள். திட்டம் முடிந்து, ஆய்வேடு முடியாத இடைவெளியில் மாணவர் எதைக் கொண்டு வாழ்வார்?

பொருளியலில் இதனை 'வாய்ப்புச் செலவு' என்போம். வேலைக்குச் சென்றிருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய ஐந்தாண்டு வருமானத்தை இழந்தே ஒரு மாணவர் ஆய்வகத்துக்கு வருகிறார். வசதியுள்ள குடும்பம் அந்த இழப்பைத் தாங்கும்; கூலி வேலை செய்யும் பெற்றோரால் இயலாது. ஆகவே உதவித்தொகையைச் சலுகையாகக் கருதுவது தவறு. அடுத்த தலைமுறை விஞ்ஞானிகள் எந்த வீடுகளிலிருந்து வரலாம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

என்னிடம் யோசனை கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நேர்காணலில் கூச்சமின்றிக் கேளுங்கள். தொகையை வழங்குவது யார்? எத்தனை ஆண்டுகளுக்கு? திட்டம் முடிந்தால் மாற்று ஏற்பாடு என்ன? அதே நெறியாளரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களிடம், பணம் மாதந்தோறும் வருகிறதா என்றும் விசாரியுங்கள். ஆய்வுத் தலைப்பைப் பற்றிக் கேட்பது எவ்வளவு முறையானதோ, இதுவும் அவ்வளவு முறையானதே.

இந்த விவரங்களை மாணவர் தேடி அலைய வேண்டியதில்லை. நிதியின் மூலம், தொகை, கால அளவு ஆகிய மூன்றையும் சேர்க்கைக் கடிதத்திலேயே குறிப்பிடுவதைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்கலாம். அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு ஏதும் தேவையில்லை.