மெழுகுவத்தி வெளிச்சத்துக்குத் தைத்த பூக்கள்

மின்விளக்கு இல்லாத காலம். 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் இரவு விருந்துக்குப் போகும் பணக்கார ஆண்கள், கோட்டுக்கு உள்ளே போடும் வெயிஸ்ட்கோட்டில் பட்டு நூலால் பூ, கொடி, பூச்சி என்று பூவேலை செய்யச் சொன்னார்கள். முன்பக்கம் மட்டும்தான்! முதுகைக் கோட்டு மறைத்துவிடுமே, அங்கே சாதாரணத் துணி போதும். 1783-இல் மோங்கோல்ஃபியே சகோதரர்களின் பலூன் வானில் ஏறியது. கொஞ்ச காலத்தில் பூவேலை வடிவமாக உடையிலும் ஏறிவிட்டது.

வடிவத்தைத் தாளில் வரைந்து, வரைந்த கோடு நெடுக ஊசியால் துளையிடுவார்கள். தாளைப் பட்டின்மேல் வைத்துக் கரித்தூளைத் தேய்த்தால், துளை வழியே புள்ளி புள்ளியாக வடிவம் இறங்கும். நம் ஊர் ஆரி வேலைக்காரர்களும் இப்படித் துளையிட்ட தாளில்தான் வடிவம் பதிக்கிறார்கள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பையின் மூடியிலிருந்து பொத்தான் வரை பூவேலையை முடித்துவிடுவார்கள். வாங்குபவரின் உடம்புக்கு ஏற்ப வெட்டித் தைப்பது பிறகுதான். அரசருக்கு வடிவம் வரைந்த சேன்-ஒபேன் இந்தக் கலையைப் பற்றி 1770-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் ஒளியைக் கையாண்ட விதம். பட்டு இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள்: முனை மழுங்கிய முக்கோணம் தெரியும். அதன் வழுவழுப்பான பக்கங்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும். நூல்களை ஒரே திசையில் நெருக்கமாகப் படுக்க வைத்தால் அந்த இதழ் முழுவதும் பளிச்சிடும். பக்கத்து இதழில் திசையை மாற்றினால் அது மங்கும். நூலின் நிறம் ஒன்றுதான், கண்ணுக்குத் தெரிவதோ இரண்டு! அணிந்தவர் நகர்ந்தால் மங்கிய இதழ் பளிச்சிடும், பளிச்சிட்டது மங்கும். நடுவே சமிக்கிகள் வேறு. உலோகக் கம்பியைச் சுருட்டி, வளையங்களாக வெட்டி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கியவை அவை. ஆளுக்கொரு கோணத்தில் சாய்ந்திருப்பதால் மெழுகுவத்திச் சுடர் ஆடும்போது ஒவ்வொன்றும் வேறு வேறு நொடியில் மின்னும்.

இன்று அந்த உடைகள் சிலவற்றில் இலைகள் நீலமாக இருக்கின்றன. காரணம் சாயம். அன்று பச்சை வேண்டுமென்றால் அவுரி நீலத்தையும் ஒரு செடியின் மஞ்சளையும் சேர்த்துத் தோய்ப்பார்கள். ஒளி பட்டுப் பட்டு மஞ்சளின் மூலக்கூறுகள் முதலில் சிதைந்தன. உறுதியான அவுரி நின்றுவிட்டது. ஒளி படாத உட்புறத்தில் அதே இலை இன்னும் பச்சையாக இருக்கும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் இவற்றுக்கு 50 லக்ஸ் அளவே வெளிச்சம் காட்டுகிறார்கள். சில மாதங்கள் காட்சிக்கு வைத்துவிட்டு, மறுபடி இருட்டறைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.